அட்டலாண்டா குனியவில்லை

நாமக்கல்,
23-6-2024

என் ஒரே அக்காவுக்கு,

இங்கே நானும் என் பசியும் நலம். அங்கே நீயும் உன் இடது முழங்காலும் நலமா? அப்பாவின் தறிகள் ஓடுகின்றனவா? அம்மாவின் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த குற்றத்துக்காக என்னை இந்த விடுதிப் பள்ளியில் அடைத்து இரண்டு வாரம் ஆகிறது. கைப்பேசி கூடாது. ஞாயிற்றுக்கிழமை வார்டனின் போனில் மூன்று நிமிடம் பேசலாம். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் "அம்மா..." என்று இழுத்து அழுதே அதைத் தீர்த்துவிட்டு, என் நேரத்தையும் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் காகிதம். நீயும் காகிதத்திலேயே பதில் போடு.

ஊர் நாமக்கல் என்பதால் காலையில் முட்டை, மதியம் முட்டை. கணக்குப் பரீட்சையிலும் அதையே கொடுத்துவிட்டார்கள். பைபாஸில் லாரிகள் ஹாரன் அடித்துப் பாடம் நடத்துகின்றன. வாத்தியார்களைவிட அவை தெளிவு.

புது ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம். அதை விடு. நீ பாலத்தைத் தாண்டி பவானி வரைக்கும் காலையில் ஓடுகிறாய்தானே? உன் கோச் அறிவுச்செல்வி மிஸ் என்ன சொல்கிறார்? டிசம்பரில் சென்னையில் ரயில்வே அணிக்கு ஓட்டத் தேர்வு இருக்கிறது என்றாரே, அது உறுதியா? எண்ணூறு மீட்டரில் மாநில வெள்ளி வாங்கியவளின் தங்கை என்று இங்கே எல்லாரிடமும் அளந்து வைத்திருக்கிறேன். என் மானம் உன் காலில்.

உன் குறும்புத் தங்கை,
கனிஷ்கா

பி.கு: அம்மா, கவரைப் பிரிக்கும்போது ஓரத்தைக் கிழிக்காதே. ஆவியில் காட்டினால் அழகாகப் பிரியும்.


குமாரபாளையம்,
2-7-2024

அன்புள்ள கனிக்கு,

நீ போனபின் வீடு அமைதியாக இருக்கிறது. அது பிடிக்கவில்லை. எல்லாரும் நலம்.

அம்மா உன் கடிதத்தைப் படிக்கவே இல்லையாம். சத்தியமாம். ஆனால் குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் படுக்கச் சொன்னாள்.

சென்னைத் தேர்வு உறுதி. மிஸ் என்னை நிழல் மாதிரி துரத்துகிறார். காலை ஓட்டம், மாலையில் கல்லூரி மைதானம். கால் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். ஃபேர்லேண்ட்ஸில் பங்களா. அப்பாவுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்குகிறார்களே, அவர்களேதான். பையன் பெயர் பிரபாகர். அதிகம் பேசவில்லை. அவர் அம்மா வசந்தாமணிதான் பேசினார். "பொண்ணு ஓடுவாளாமா? எங்க ஊட்ல யாருமே நடக்கறதுகூட இல்லீங்க, எல்லாம் கார்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா,
ரஞ்சனி


நாமக்கல்,
14-7-2024

அக்கா,

கொப்புளம் போயிற்று. படிக்காத அம்மாவுக்கு நன்றி.

நான் இப்போது நூலகத்தில் தூசி தட்டுகிறேன். விருப்பத்தால் அல்ல. 'நாளை முதல் காலைப் படிப்பு நான்கு மணிக்கு' என்று அறிவிப்புப் பலகையில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்கள். விடுதியே நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தது. வார்டனும் தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அரைமணி கழித்துத்தான், இதை நாம் அறிவிக்கவே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. அழகான கையெழுத்துக்குத் தண்டனை ஒரு மாத நூலக வேலை.

அங்கேதான் உன் பனியனைக் கண்டுபிடித்தேன்! ஈரோட்டுச் சந்தையில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் குவியலிலிருந்து உருவினோமே, நீலமும் கறுப்பும் பட்டை போட்டது, நெஞ்சில் ஆங்கிலத்தில் ATALANTA. நீ ஓடப் போட்டுக்கொள்வாய். அப்பா அதை சோப்புக் கம்பெனி என்றார். நான் அமெரிக்க ஊர், எழுத்துப் பிழை, அதனால்தான் ரிஜெக்ட் என்றேன். நாங்கள் இருவருமே முட்டை.

அது ஒரு பெண்ணின் பெயர். கிரேக்கப் புராணத்து அட்டலாண்டா. ஆண் குழந்தை வேண்டுமென்று இருந்த அப்பன், பெண் பிறந்ததும் கொண்டுபோய் மலையில் போட்டுவிட்டான். கரடி பால் கொடுத்து வளர்த்தது. வளர்ந்து பேர் வாங்கியதும் அப்பன் வந்து, "நீ என் மகளாச்சே, கல்யாணம் செய்துகொள்" என்றான். (கரடியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.) அவள் சொன்னாள்: "என்னோடு ஓடி ஜெயிப்பவனைக் கட்டிக்கொள்கிறேன். தோற்றால் தலை போகும்." வரிசையாக வந்தார்கள். வரிசையாகத் தலை போயிற்று. ஒருவன்கூட அவளை முந்தவில்லை!

இந்த இடத்தில் மணி அடித்து நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள். மீதி அடுத்த முறை.

ஃபேர்லேண்ட்ஸ்காரரைப் பாலத்துக்கு வரச் சொல். பவானிக் கரை வரை ஓடட்டும். கார் இல்லாமல்.

கனிஷ்கா

பி.கு: அம்மா, தலை வெட்டுவது புராணத்தில் மட்டும். பதறாதே.


குமாரபாளையம்,
4-8-2024

அன்புள்ள கனிக்கு,

உடம்பு எப்படி? மேட்டூர் நிறைந்து ஆற்றில் வெள்ளம். நேற்று ஆடிப் பதினெட்டுக்குக்கூட யாரையும் தண்ணீரில் இறங்கவிடவில்லை. பாலத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். அதனால் ஓட முடிவதில்லை.

அம்மா உன் கடிதத்தைப் பார்க்கவே இல்லை என்கிறாள். ஆனால் நேற்றுப் பாத்திரம் கழுவும்போது, "கரடி கொழந்தைக்குப் பால் குடுக்குமா சாமி?" என்று கேட்டாள்.

ஆடி பிறக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஓடுவதற்கான ஷூ. நைக்கி. கனி, அது பஞ்சு மாதிரி இருக்கிறது. என் கால் அளவை எப்படிக் கண்டுபிடித்தார்களோ, அச்சாகப் பொருந்துகிறது. பிரபாகர் போனிலும் பேசினார். நாம் நினைத்த மாதிரி இல்லை, நல்லவராகத்தான் தெரிகிறார். சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிறார்.

அப்பா சந்தோஷமாக இருக்கிறார். தறிகள் எல்லாம் ஓடுகின்றன.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
ரஞ்சனி


நாமக்கல்,
11-8-2024

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. முதலில் அந்த ஷூவைக் கழற்று.

மீதிக் கதையைப் படித்துவிட்டேன். அட்டலாண்டாவை ஓடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்த ஒருத்தன் வந்தான். அவன் ஓட்டப் பயிற்சி எடுக்கவில்லை. ஒரு பெண் தெய்வத்தைப் பிடித்து மூன்று தங்க ஆப்பிள் வாங்கி வந்தான். ஓடும்போது ஒன்றை உருட்டினான். அவள் குனிந்து எடுத்தாள். எடுத்துவிட்டு அவனை மறுபடி முந்திவிட்டாள். இரண்டாவதை உருட்டினான். அதையும் குனிந்து எடுத்து மறுபடி முந்தினாள். மூன்றாவதைப் பாதையை விட்டுத் தூரமாக எறிந்தான். அதற்கும் போனாள். அவன் கோட்டைத் தொட்டுவிட்டான்.

கால் தோற்கவில்லை, அக்கா. இடுப்புதான் தோற்றது. குனியாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பாள்.

கடைசியில் இரண்டு பேரையும் சாமிகள் சிங்கமாக மாற்றிவிட்டார்களாம். ஆப்பிளாவது சாப்பிட்டாளா என்று புத்தகத்தில் போடவில்லை.

சும்மா ஒரு விஷயம்: 'மாப்பிள்ளை' என்று மெதுவாகச் சொல்லிப் பார். உள்ளே ஓர் ஆப்பிள் ஒளிந்திருக்கும்.

அந்த நைக்கியும் கிரேக்கத்து அம்மணிதான், தெரியுமா? வெற்றிக்குத் தெய்வம், இறக்கை உண்டு. அவளைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நல்லவராக இருக்கட்டும். சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். ஓடினாயா என்று கேட்டாரா?

கனி
(பெயர் இதுவானாலும் என்னைப் பொறுக்க யாரும் குனிய வேண்டாம்)


நாமக்கல்,
15-9-2024

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உன் விரல் சுகமா? தபால்காரர் சுகமா? குமாரபாளையத்தில் பேனா விற்கிறார்கள்தானே?

போன ஞாயிறு வார்டன் போனில் பேசியபோது, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மழை" என்றாய். நான் மழையைப் பற்றிக் கேட்கவே இல்லை. உன் முந்தைய கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அதில் வெள்ளம் இருக்கிறது, ஷூ இருக்கிறது, தறி இருக்கிறது. மைதானம் இல்லை. மிஸ் இல்லை. வெள்ளம் பாலத்துக்குத்தானே வந்தது? கல்லூரி மைதானத்துக்குமா வந்தது?

சரி, கேட்கவில்லை. வேறு பேசலாம். கம்ப்யூட்டர் வகுப்பில் ஆசிரியர் திரும்பிய நேரத்தில் அட்டலாண்டாவைத் தேடினேன். இத்தாலியில் பெர்கமோ என்ற ஊரில் ஒரு கால்பந்துக் குழு, உன் பனியன் அவர்களுடையது. பதினோரு ஆம்பளைகள் ஒரு பெண்ணின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். சின்னத்தில் காற்றில் முடி பறக்கும் பெண். அப்புறம், கறுப்பு இறக்கையில் சிவப்புக் கோடு போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஒரு கல். சோமாலியா பக்கம் கடற்கொள்ளையர்களை விரட்ட ஐரோப்பிய நாடுகள் அனுப்பும் கப்பல் படைக்கும் அதே பெயர்.

பூச்சி வைத்துக்கொண்டது. கல் வைத்துக்கொண்டது. கப்பல் வைத்துக்கொண்டது. இந்த உலகத்தில் அந்தப் பெயருக்கு உரிமை உள்ளவள் குமாரபாளையத்தில் மழையை வேடிக்கை பார்க்கிறாள்.

காலாண்டு விடுமுறையை ஸ்பெஷல் கிளாஸ் தின்றுவிட்டது. வர மாட்டேன். எழுது. ஒரு வரி போதும்.

கனிஷ்கா

பி.கு: அம்மா, அவளாக எழுதாவிட்டால் நீயாவது ஒரு குறிப்புக் கொடு. படிக்காமலேயே கொடு.


குமாரபாளையம்,
29-9-2024

அன்புள்ள கனிக்கு,

எல்லாரும் நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே.

கார்த்திகையில் நிச்சயம். டிசம்பர் ஐந்து, வியாழன், நம் வீட்டில். சென்னைத் தேர்வு அதற்கடுத்த திங்கட்கிழமை. அவர்கள், நிச்சயம் ஆனபின் வெளியூரெல்லாம் எதற்கு என்கிறார்கள். அப்பா சரி என்றுவிட்டார். அவருக்கும் வேறு வழியில்லை கனி. நூல் அவர்களுடையது.

என் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு ட்ரெட்மில் அனுப்பியிருக்கிறார்கள். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெயில் இல்லை, தூசி இல்லை, ஃபேனுக்கு அடியிலேயே ஓடலாம். ஒருநாள் ஓடினேன். இப்போது அப்பா அதில் துண்டு காயப்போடுகிறார்.

அந்தப் பனியனைத் தேடினேன். காணவில்லை. பரவாயில்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாமல் படி.

ரஞ்சனி


நாமக்கல்,
6-10-2024

அக்கா,

நான் நலமாக இல்லை. நீயும் இல்லை. இந்த ஒரு கடிதத்திலாவது உண்மையைச் சொல்லி ஆரம்பிப்போம்.

முதல் ஆப்பிள் ஷூ. இரண்டாவது ட்ரெட்மில். மூன்றாவதை நான் சொல்லவா? நிச்சயத்துக்கு வரிசைத் தட்டு கொண்டுவருவார்களே, அதில் ஆப்பிளைத் தங்கத்தாள் சுற்றி அடுக்குவார்களே, பக்கத்து வீட்டு ஷாலினி அக்கா நிச்சயத்தில் நான் ஒன்றைத் திருடித் தின்றேனே, அதேதான். கிரேக்கத்தில் காசில்லாமல் மூன்றோடு நிறுத்தினார்கள். ஃபேர்லேண்ட்ஸ்காரர்கள் கூடையோடு வருவார்கள்.

ட்ரெட்மில்! ஓடுகிறவளுக்கு, ஓடியும் எங்கேயும் போகாத ஒரு மெஷின். நான் இத்தனை வருஷம் செய்த எல்லாக் குறும்பையும் சேர்த்தாலும் இப்படி ஒன்று எனக்குத் தோன்றியிருக்காது. அந்த வசந்தாமணி அம்மாவுக்கு என் வணக்கம்.

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். அட்டலாண்டா என்ற பெயருக்கு அர்த்தம் 'எடையில் சமமானவள்'. தராசில் ஒரு பக்கம் யாரை வேண்டுமானாலும் நிறுத்து, மறுபக்கம் அவள் நின்றால் முள் நடுவில் நிற்கும். வேகம் என்றோ அழகு என்றோ அர்த்தம் இல்லை. எடை.

நம் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமைதோறும் அம்மா செய்வதுதானே? வந்த நூலின் எடைக்கு நெய்த துணியின் எடை ஒத்துவர வேண்டும். குறைந்தால் அவர்கள் விடுவார்களா? "எங்கீங்க மீதி?" என்று அங்கேயே நிற்பார்கள். அவர்கள் பக்கம் ஷூ, மெஷின், கூடை. நம் பக்கம் உன் கால். எடை போட்டது யார்?

உனக்குப் பிரபாகரைப் பிடித்திருந்தால் கட்டிக்கொள். நானே மண்டப வாசலில் நின்று சந்தனம் தெளிக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை ஓடிவிட்டு வந்து கட்டிக்கொள். அதைப் பொறுக்காத தட்டு நமக்கு எதற்கு?

குனியாதே.

கனிஷ்கா


குமாரபாளையம்,
14-10-2024

சிரஞ்சீவி கனிஷ்காவுக்கு அப்பா சுவாமிநாதன் ஆசியுடன் எழுதுவது.

இங்கு யாவரும் க்ஷேமம். உன் கடிதத்தை நானே பிரித்தேன். பெரியவர்கள் விஷயத்தில் பதினாறு வயதுப் பிள்ளை எழுதுகிற பேச்சு இல்லை இது. உன்னைப் படிக்கத்தான் அனுப்பினேன். ஏதோ நாட்டுக் கட்டுக்கதையைச் சொல்லி உன் அக்காவின் மனதைக் கலைக்காதே. அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பன்னிரண்டு தறி நிற்காமல் ஓடினால்தான் உன் பள்ளிக்கூடமும் ஓடும். அது உனக்குப் புரிய வயது வரவில்லை.

தீபாவளிக்கு வர வேண்டாம். அங்கு வகுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். இரு. நிச்சயத்துக்கும் அழைத்துப் போக ஆள் வராது. புதுத் துணி பார்சலில் வரும்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


நாமக்கல்,
3-11-2024

அம்மாவுக்கு,

ஆமாம், உனக்குத்தான். இத்தனை நாள் உன்னைப் பின்குறிப்பிலேயே நிற்கவைத்துவிட்டேன். மேலே வந்து உட்கார்.

இடுப்புவலிக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? தீபாவளி இங்கே நன்றாக நடந்தது. ஆளுக்கொரு மைசூர்பாகும் ஒரு முட்டையும். பட்டாசுக்குப் பதில் பைபாஸில் ஒரு லாரி டயர் வெடித்தது, எல்லாரும் கை தட்டினோம். நீ பார்சலில் புதுத் துணிக்கு அடியில் முறுக்கு ஒளித்து வைத்திருந்தாய். அப்பாவுக்குத் தெரியாமல்தானே? அப்படியானால் அப்பாவுக்குத் தெரியாமல் உனக்கு ஒரு காரியம் செய்யத் தெரியும்.

அப்பாவிடம் சொல்: அவர் கோபம் எனக்குப் புரிகிறது. தறி நின்றால் என்ன ஆகும் என்பதும் புரிகிறது. நான் இந்தப் பள்ளியை விட்டுக் குமாரபாளையம் அரசுப் பள்ளிக்கு வரத் தயார். அங்கே முட்டை குறைவாகப் போடுவார்கள், உடம்புக்கு நல்லது. என் படிப்பைக் காட்டி அக்காவின் காலைக் கட்டினால், அந்தப் படிப்பு எனக்கு வேண்டாம். இதை அழுதுகொண்டு எழுதவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று மட்டும். நம் சனத்தில் நிச்சயம் என்றால் என்ன? ஆண்கள் சம்மணம் போட்டுப் பேசுவார்கள், ஐயர் ஓலை வாசிப்பார், பிரபாகர் போன் பார்ப்பார். அதெல்லாம் வெறும் சத்தம். இரண்டு தாயும் எழுந்து நின்று தட்டு மாற்றினால்தான் உறுதி. அப்பா மாற்ற முடியாது. அக்காவிடம் யாரும் கேட்கவே மாட்டார்கள். அந்தக் கூடத்திலேயே நான்கு கைகளுக்குத்தான் அந்த அதிகாரம். அதில் இரண்டு உன்னுடையவை.

கதையில் அட்டலாண்டாவுக்குக் கரடி இருந்தது, பெற்ற அம்மா என்ன ஆனாள் என்று நான் எடுத்த புத்தகத்தில் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்பன் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனபோது அவள் எங்கே நின்றாள்?

நான் வர முடியாது. நீ அங்கே இருப்பாய்.

உன் சின்ன மகள்,
கனிஷ்கா


குமாரபாளையம்,
9-12-2024

என் சாமி கனிஷ்காவுக்கு அம்மா கோகிலவாணி எழுதிக்கொள்வது.

நீ சுகமாக இருக்க மாரியம்மன் துணை. நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கோணினால் சிரிக்காதே. அப்பா சுகம்தான். என்னிடம் பேசவில்லை. ஆனால் இரண்டு வேளையும் சாப்பிடுகிறார்.

வியாழக்கிழமை எல்லாரும் வந்தார்கள். ஏழு தட்டு. நீ சொன்ன மாதிரி, இல்லை, யாரோ சொன்ன மாதிரி, ஆப்பிள் எல்லாம் தங்கத்தாள் சுற்றியிருந்தது. ரஞ்சனி பச்சைப் பட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் வாசித்து முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து தட்டை நீட்டினார். நான் என் தட்டோடு எதிரில் நின்றேன். எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் கேட்டேன், "அக்கா, ஒரு வார்த்தைங்க. திங்கக்கெழமை புள்ள சென்னைல ஓடோணும். போய்ட்டு வந்தரட்டுங்களா? நீங்க செரின்னா இப்பவே மாத்திக்கலாமுங்க."

"அதான் மிஷினே வாங்கிக் குடுத்துட்டமே" என்று அந்த அம்மா சிரித்தார். "எவ்வளவு ஓடோணுமோ ஊட்டுக்குள்ளயே ஓடட்டும்."

"மிஷின்ல ஓடுனா எங்கீங்க போய்ச் சேர்றது?" என்றேன்.

அப்பா, "வாணி, மாத்து" என்றார். மாப்பிள்ளைப் பையனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பான் என்று கொஞ்சம் காத்திருந்தேன் சாமி. அவன் தன் அம்மா முகத்தையே பார்த்தான்.

தட்டை இறுக்கிப் பிடித்தேன். சனிக்கிழமைதோறும் தராசில் நிற்கிற கை அது. நான் சொன்னேன், "இருபது வருசமா உங்க நூலை வாங்கி எடைக்கு எடை துணியாக் குடுத்துருக்கறனுங்க. ஒருநாளும் கொறைஞ்சதில்ல. எங்க தட்டுல எம்பொண்ணோட ஓட்டத்தையே வெச்சிருக்குது. உங்க தட்டுல அதுக்கு ஈடு ஒண்ணுங் காணோம். எடை ஒத்துவரலீங்க. நான் மாத்தல."

என் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அரிசி டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வெளியில் பெரிய சத்தம். கார் போகிற சத்தம். பின்னாலேயே ரஞ்சனி வந்தாள். என் மடியில் தலை வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அம்மா, மிஸ்ஸுக்குப் போன் பண்ணட்டுமா?" என்றாள். தலை நிமிர்ந்து கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நூல் வண்டி வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. பாதித் தறி நிற்கிறது. அப்பா ராசிபுரத்தில் யாரையோ பார்க்கப் போயிருக்கிறார், அங்கே நூல் கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்காவிட்டால் நீ இங்கே வந்துதான் படிக்க வேண்டியிருக்கும். நீயே சொன்னது, பிறகு மூக்கைச் சிந்தக் கூடாது.

மெஷினையும் ஷூவையும் திருப்பி அனுப்ப வண்டி பிடித்தது அப்பாதான். யாரும் சொல்லவில்லை. தன் துண்டை மட்டும் உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஆப்பிளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தாளை உரித்துத் தறிக்காரர்களுக்குக் கொடுத்தேன். நானும் ஒன்று தின்றேன். மாவு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அறிவுச்செல்வி மிஸ் வந்து ரஞ்சனியைக் கூட்டிப் போனார். பழைய ஷூதான். அந்தக் கோடு போட்ட பனியனை நான்தான் எடுத்து வைத்திருந்தேன். அப்பா வண்டி துடைக்கக் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன். துவைத்து மடித்துப் பையில் வைத்தேன். நான்கு மாதமாக ஓடாத கால். மிஸ் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையில் ஓடியிருப்பாள். ஜெயித்தாளா என்று தெரியாது. போன் வரவில்லை. வந்தால் வார்டனிடம் சொல்லச் சொல்கிறேன். தோற்றாலும், வேறு யாரோ முந்தித் தோற்றதாக இருக்கட்டும். கீழே கிடந்ததை எடுக்கக் குனிந்து தோற்றதாக வேண்டாம்.

அந்தப் பெண்ணின் அம்மா எங்கே நின்றாள் என்று கேட்டிருந்தாயே. தெரியவில்லை சாமி. நான் கூடத்தில் நின்றேன்.

குதிகாலைப் பார்த்துக்கொள். முட்டையை வீணாக்காதே.

உன் அம்மா,
கோகிலவாணி

பி.கு: உன் அக்காவுக்கு வந்த கடிதம் ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. ஆவியில் காட்டினால் பசை இளகி எழுத்தும் கலங்குகிறது, ஊசியால் நெம்பினால்தான் சரியாக வருகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.